டிஆர் நம்பரில் புது கார் ஓட்டுவது: கேளுங்கள், சொல்கிறேன்

புது வண்டி ஷோரூமில் ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். டிஆர், அதாவது தற்காலிகப் பதிவு பற்றி மட்டும் கேளுங்கள். எந்த மாடல் நல்லது, எவ்வளவு மைலேஜ் தரும் என்பதற்கெல்லாம் நான் ஆள் இல்லை.

பெரம்பூர்: நாளைக்கு வண்டி எடுக்கிறோம். நம்பர் வர பத்து நாள் ஆகுமாம். அதுவரை ஓட்டலாமா?

டிஆர் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். டிஆரோ நிரந்தரப் பதிவோ இல்லாத வண்டியை உங்களிடம் ஒப்படைக்க ஷோரூமுக்கே அனுமதி இல்லை, மத்திய மோட்டார் வாகன விதி 42 அதைத்தான் சொல்கிறது. சாவி வாங்கும்போதே டிஆர் சீட்டு, இன்சூரன்ஸ், பில் மூன்றையும் வாங்கி வண்டியில் வையுங்கள். புகைச் சான்று முதல் ஒரு வருஷத்துக்குத் தேவையில்லை. பிளேட் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாக இருக்க வேண்டும். பேப்பரில் பிரின்ட் போட்டு ஒட்டித் தந்தால் வாங்காதீர்கள், 2020-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சீட்டில் டிஆர் முடியும் தேதியைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை: பின் கண்ணாடியில் 'ஃபார் ரிஜிஸ்ட்ரேஷன்' என்று ஒட்டியிருக்கிறார்கள். போதுமா?

போதாது. அது வெறும் ஸ்டிக்கர். பதிவில்லாத வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192-ன்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 10,000 வரை போகும், சிறைக்கும் இடமுண்டு.

வியாசர்பாடி: ஷோரூம் பையன் சிவப்பு பிளேட்டோடு வண்டியை வீட்டில் விட்டுப் போனான். அதிலேயே ஓட்டட்டுமா?

சிவப்பில் வெள்ளை எழுத்து என்றால் அது டீலரின் டிரேடு சர்டிபிகேட் நம்பர். டெஸ்ட் டிரைவுக்கும் அவர்கள் வண்டியை இடம் மாற்றுவதற்கும் உள்ளது. கழற்றிக் கொடுத்துவிட்டு உங்கள் டிஆர் எங்கே என்று கேளுங்கள்.

திருவொற்றியூர்: முதலில் வடிவுடையம்மன், அப்புறம் சிறுவாபுரி, அப்படியே திருப்பதி. டிஆர் வண்டியில் போகலாமா அண்ணா?

சிறுவாபுரி வரை கவலையே இல்லை. நல்லூர் டோலில் ஃபாஸ்டாக் சேசிஸ் நம்பரிலேயே வேலை செய்யும், நிரந்தர நம்பர் வந்ததும் அதில் மறக்காமல் ஏற்றுங்கள். திருப்பதிக்குக் கிளம்புமுன் மட்டும் டிஆர் சீட்டை ஒரு முறை படியுங்கள். பிரிவு 43-ல் இப்போது இரண்டு வகை உண்டு: மத்திய விதிப்படி தருவது ஒன்று, மாநிலத்துக்குள் ஓட மாநில அரசு ஒரு மாதத்துக்குத் தருவது இன்னொன்று. உங்களுடையது இரண்டாவது என்றால் ஆந்திர எல்லையில் உள்ள ஊத்துக்கோட்டையைத் தாண்ட வேண்டாம், ஏழுமலையான் கோபித்துக்கொள்ள மாட்டார். பூஜை முடிந்ததும் பிளேட்டை மறைக்கும் மாலையையும் எடுத்துவிடுங்கள்.

கொளத்தூர்: எங்களுக்கு வந்த நம்பர் கூட்டினால் 8. வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். வேறு நம்பர் கிடைக்கும் வரை டிஆரிலேயே ஓட்டிக்கொள்ளலாமா?

டிஆர் தேதிக்குள் என்றால் ஓட்டுங்கள். தேதி தாண்டினால் ஒரு தெருகூட வேண்டாம். போலீஸ் அபராதத்தைக் கட்டிவிடலாம், இன்சூரன்ஸ் போனால்தான் ஆபத்து. டிஆர் முடிந்து மூன்று வாரத்தில் விபத்தான ஒரு வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொல்லிவிட்டது. பிரீமியம் கட்டியிருந்தார், பாலிசி உயிரோடு இருந்தது, பதிவு மட்டும்தான் இல்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியை ஒரு கூட்டுத்தொகைக்காக அந்த நிலையில் நிறுத்துவீர்களா?

ராயபுரம்: சார், எட்டைப் பற்றி லேசாகப் பேசாதீர்கள். சனியோட எண். எங்கள் பெரியப்பா வண்டி எட்டு, ரெண்டு தடவை இடித்தது.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டினால் ஒன்பதும் இடிக்கும்.

மாதவரம்: என் லாரி கூட்டுத்தொகை எட்டுதான். அதில் சம்பாதித்துத்தான் வீடு கட்டினேன்.

ராயபுரம்: லாரிக்கு வேற கணக்கு. ஓனர் பிறந்த தேதியோடு சேர்த்துப் பார்க்கணும்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. டிஆர் நம்பரைக் கூட்டிப் பார்த்தீர்களா? ஒருவரும் பார்ப்பதில்லை. அதுவும் எட்டாக இருந்தால்?

ராயபுரம்: அது தற்காலிகம் சார், ஒட்டாது.

இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

கொளத்தூர்: நான் கேட்டவன். டிஆர் முடிந்தால் ஓட்டாமல் வெளியே எங்காவது நிறுத்திவைத்தால்?

2021-ல் இன்னொரு தீர்ப்பு. டிஆர் முடிந்த காரை ஜோத்பூர் வரை ஓட்டிக்கொண்டு போய், தங்கின விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தார், காலையில் வண்டி இல்லை. அதற்கும் இன்சூரன்ஸ் கிடையாது என்றது சுப்ரீம் கோர்ட். எட்டோ ஒன்பதோ, வந்த நம்பரை வாங்குங்கள்.

எண்ணூர்: டிஆர் இருந்தால் ஓட்டலாமா?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

மணலி: பைக்குக்கும் இதேதானா?

இதேதான். தேதியைப் பாருங்கள்.

புளியந்தோப்பு: டிஆர் முடிந்தே விட்டது. ஷோரூமில் இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள்.

வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இதே மாநிலத்தில் பதியும் புது வண்டிக்கு விண்ணப்பிக்க வேண்டியது டீலர்தான், பிரிவு 41. விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். எண்ணே தரவில்லை என்றால் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, எழுத்தில் புகார் கொடுத்து நகலை ஆர்டிஓ ஆபீசுக்கும் அனுப்புங்கள். போனில் சத்தம் போடுவதால் பயனில்லை, பேசினதற்குச் சாட்சி கிடையாது.

கொருக்குப்பேட்டை: நம்பர் வந்துவிட்டது, பிளேட் வரவில்லை. கடையில் அடித்து மாட்டலாமா?

கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்பு பிளேட்தான், மாட்டித் தருவது டீலர் வேலை.

எண்ணூர்: டிஆர் எத்தனை நாள்?

சீட்டில் தேதி இருக்கிறது!

பழைய வண்ணாரப்பேட்டை: ஆடியில் வண்டி வீட்டுக்கு வரக் கூடாது என்கிறார் அம்மா. ஆஃபர் போய்விடும். இப்போதே பணம் கட்டி, டிஆரும் போட்டு, வண்டியை ஷோரூமிலேயே விட்டுவைக்கலாமா?

பணம் கட்டுங்கள், டிஆர் போடாதீர்கள். போட்ட நாளிலிருந்து அதன் நாள் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் ஆவணியில் சாவி வாங்கும்போது பாதி போயிருக்கும். இன்சூரன்ஸும் அப்படித்தான். இரண்டையும் டெலிவரி எடுக்கும்போது போடச் சொல்லி, ஆஃபர் விலையை மட்டும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.