வார்டில் விழாமல் இருக்க: வாசகர் கேள்விகளுக்கு முதியோர் வார்டு நர்ஸ் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நிமோனியாவுக்காகச் சேர்த்திருக்கிறோம். நான் டீ வாங்கப் போன நேரத்தில் தனியாகப் பாத்ரூம் போகப் பார்த்து விழுந்துவிட்டார். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அவரைத் திட்டாதீர்கள். நான் பார்த்தவரை, வார்டில் பலரும் விழுவது பாத்ரூமுக்குப் போகும் வழியில்தான். அது பிடிவாதம் இல்லை, கூச்சம். மகளிடம் “ஒண்ணுக்குப் போகணும்” என்று சொல்லக் கூசி அடக்கி வைக்கிறார். தாங்க முடியாமல் போனதும் அவசரமாக எழுகிறார். ஒரு கையில் டிரிப்ஸ் ஸ்டாண்ட், இன்னொரு கையில் வேட்டி முனை. சறுக்கினால் பிடித்துக்கொள்ளக் கை ஏது?

அதனால் அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாப்பிட்டதும், தூங்கும் முன்பு, நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே கேளுங்கள். வெளியே போகும்போது யூரின் கேன், மூக்குக்கண்ணாடி, அழைப்பு மணி மூன்றும் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒருவர் விழும் ஆபத்து எவ்வளவு என்று புள்ளி போட்டுப் பார்க்க மோர்ஸ் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதில் அண்மையில் விழுந்திருந்தால் 25 புள்ளி, டிரிப்ஸ் ஏறினால் 20. பல ஆஸ்பத்திரிகளில் 45 வந்தாலே அதிக ஆபத்து. உங்கள் அப்பா இப்போதே அங்கே நிற்கிறார்.

கேள்வி: கட்டிலின் இரு பக்கக் கம்பியையும் ஏற்றிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. இரவில் குழப்பம் வருகிறவர்கள் கம்பிக்கு மேலே ஏறி இறங்கப் பார்ப்பார்கள். அப்போது விழும் உயரம் இன்னும் கூடிவிடும். கட்டிலை முடிந்தவரை தாழ்த்தி, சக்கரத்தைப் பூட்டச் சொல்லுங்கள். தரை ஈரமாக இருக்கக் கூடாது, இரவில் சின்ன விளக்கு எரியட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு எழுந்ததும் தலை சுற்றுகிறது. மாத்திரைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டர் மருந்தைப் பார்த்து மாற்றுவார். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை மூன்றையும் அவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எழும்போது கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும்.

கேள்வி: விழுந்தவரை உடனே தூக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அப்படியே இருக்கவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். உள்ளே கசிவு இருந்தால் சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். யார் மேல் பழி வருமோ என்று மட்டும் மறைக்காதீர்கள். எங்கள் வார்டில் ஒரு பாட்டி, மருமகளைத் திட்டுவார்களே என்று இரவு விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பெட்ஷீட் மாற்றத் திருப்பியபோது அலறினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.