கூடங்குளத்தைப் படமெடுக்க உலைக்குள் போக வேண்டியதில்லை

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கூடங்குளம் பற்றி 40 நிமிட ஆவணப்படம் எடுக்க நானும் இரண்டு நண்பர்களும் முடிவு செய்திருக்கிறோம். சொந்தக் கேமரா ஒன்று இருக்கிறது, சேமிப்பு இரண்டு லட்சம். அணுமின் நிலையத்துக்குள் படமெடுக்க அனுமதி வாங்குவது எப்படி? சென்சார் வேண்டுமா? எந்தப் பக்கமும் சாயாமல் எடுக்க முடியுமா?"

உள்ளே விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அதற்காகக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம். நிலைய நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் அந்தக் கடிதமே படத்தில் ஒரு காட்சி. பதிலே வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று திரையில் ஒரு வரி போதும். வேலிக்கு வெளியேதானே நிற்கிறோம் என்று டெலிலென்ஸோடு கிளம்பிவிடாதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அணுமின் நிலையம் போன்ற இடங்களைப் படமெடுப்பதைச் சாதாரணக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ட்ரோன் ஆசையையும் இப்போதே விட்டுவிடுங்கள். எங்கே நின்று எடுக்கலாம் என்பதை ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

உள்ளே போகாததால் படம் கெடாது. அணுமின் படங்கள் பெரும்பாலும் கெடுவது வேறு இடத்தில். இடுப்பு ஒடுங்கிய பிரம்மாண்டமான கோபுரம், அதிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகை, பின்னணியில் திகில் இசை. எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம்! அது குளிர்விக்கும் கோபுரம், வெளியே வருவது நீராவி. கூடங்குளத்தில் அந்தக் கோபுரமே கிடையாது. கடல்நீரை எடுத்து, அதைக்கொண்டு குளிர்வித்து, வெதுவெதுப்பான அந்த நீரைக் கடலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இணையத்தில் கிடைத்த கோபுரத்தை நீங்கள் ஒட்டினால், ஊர்க்காரர் முதல் பொறியாளர் வரை எல்லோரும் அந்த நொடியிலேயே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு பொறி, கையடக்கக் கதிர்வீச்சுமானி. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் அதை வைத்தால் கிர்ர் என்று கத்தும். காட்சியாக அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அது உலையின் வேலை அல்ல. அந்த மணலில் இயற்கையாகவே மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு. உலை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே கருவி அங்கே கத்தியிருக்கும். மானியைக் காட்டுவதானால் பல ஊர்களில் அளந்து, இதையும் சொல்லிக் காட்டுங்கள். உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒப்பிட இந்த எண் உதவும்.

எண்களில் இன்னொன்று: மெகாவாட் வேறு, யூனிட் வேறு. முன்னது உலையின் திறன், பின்னது உண்மையில் உற்பத்தியான மின்சாரம். 1000 மெகாவாட் உலை முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட். ஓடாத நாளில் பூஜ்யம். எந்த மாதம் எத்தனை யூனிட், எத்தனை நாள் நின்றது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "பாதுகாப்பு குறித்த எல்லா ஆவணங்களும்" என்று அகலமாகக் கேட்டால் தேசப் பாதுகாப்பைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும்.

சரி, நடுநிலை. இவருக்குப் பத்து நிமிடம், அவருக்குப் பத்து நிமிடம் என்று பங்கு வைப்பதை நான் நடுநிலை என்று நினைப்பதில்லை. 2013 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று சொன்னது. கூடவே 15 நிபந்தனைகளும் விதித்தது. முதல் பாதியை மட்டும் சொன்னால் ஒரு தரப்புக்குச் சந்தோஷம், மறுபாதியை மட்டும் சொன்னால் இன்னொரு தரப்புக்கு. போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அந்த 15-இல் ஒன்று. தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு, போராட்டத்தின் மையமாக இருந்த இடிந்தகரைக்குப் போய், யார் யார் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது என்று விசாரியுங்கள். 2012 செப்டம்பர் 10-ஆம் தேதி கடற்கரையில் போலீஸ் போராட்டக்காரர்களைக் கலைத்த காட்சிகளை ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று. அதற்குப் பின் நடந்ததைக் காட்டுங்கள். மூன்றாவது, நான்காவது உலைகளின் கட்டுமானம் 2017-இலும், அடுத்த இரண்டுக்கு 2021-இலும் தொடங்கியது. உங்கள் படம் இன்றைய படமாக இருக்கலாமே.

ஒப்பந்தத் தொழிலாளி யாராவது பேச முன்வந்தால் முகத்தை மங்கலாக்குவது போதாது. ஊரில் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள், நடையைப் பார்த்தும் சொல்வார்கள். அவர் பேசியதை எழுத்தாக்கி வேறொருவரைப் படிக்க வையுங்கள். எதைக் காட்டக் கூடாது என்பதைக் கேமராவை முடுக்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒலியை அலட்சியம் செய்யாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலை ஓடுகிற பிரதேசம் அது. ஒரு ஆடி மாதம் கடற்கரையில் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தேன். ஹெட்போன் மாட்டவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று மட்டும்தான் பேசியிருந்தது. மைக்குக்கு ரோமப் போர்வை வாங்குங்கள், நீண்ட பேட்டிகளை வீட்டுக்குள் எடுங்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்.

சென்சார்: பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும். யூடியூபில் ஏற்றுவதற்குக் கேட்பதில்லை. வெட்டச் சொன்னால் பயந்துவிட வேண்டாம். அணு ஆயுதம் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'வார் அண்ட் பீஸ்' படத்தில் தணிக்கைக் குழு பல வெட்டுகள் கேட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் வெட்டில்லாமல் அனுமதித்தது. அப்புறம் பணம். வெளிநாட்டிலிருந்து யாராவது நிதி தருகிறேன் என்றால், கைநீட்டும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். கூடங்குளம் விஷயத்தில் முதலில் கிளம்புகிற குற்றச்சாட்டே அதுதான். உங்கள் இரண்டு லட்சத்தில் முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று நண்பர் வீட்டில்.