சிறு விமானத்தில் வி-நேவ் (இறங்கும் பாதையைக் கணக்கிட்டு வழிகாட்டும் வசதி) தேவையா? நாமே இறங்கினால் போதாதா?

நாமே தாராளமாக இறங்கலாம். எங்கே இறங்கத் தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓடுதளம் கண்ணில் பட்ட பிறகு உயரத்தைக் குறைக்க ஆரம்பித்தால் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் சரிய வேண்டிவரும். காது அடைக்கும், வேகமுள் மஞ்சள் எச்சரிக்கைப் பகுதிக்குள் போகும், எஞ்சினும் சட்டென்று குளிரும். வி-நேவ் அந்தத் தொடக்கப் புள்ளியை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அதற்காகவே எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் திரையைத் தொடும் முன் மனக்கணக்குப் போடுங்கள். 8,500 அடியிலிருந்து 1,500 அடிக்கு வர வேண்டும் என்றால் குறைக்க வேண்டியது 7,000 அடி. 3 டிகிரி சரிவில் ஒரு நாட்டிகல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்குவோம். 300 என்று வைத்தால் 23 மைல் வருகிறது. தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் இறங்க வேண்டிய வீதம் கிடைக்கும்: 120 நாட்ஸுக்கு (மணிக்கு 120 நாட்டிகல் மைல்) நிமிடத்துக்கு 600 அடி. பின்காற்றில் தரைவேகம் 150 ஆனால் 750 அடி. அழுத்தம் கட்டுப்படுத்தாத கேபினில் பயணிகளின் காதுக்கு அது கொஞ்சம் அதிகம். அதனால் வி-நேவ் கருவியில் தானாக இருக்கும் 3 டிகிரியை நான் 2.5 ஆக மாற்றிவிடுவேன். 120 நாட்ஸில் அது சுமார் 530 அடிதான். திரை சொல்லும் தூரமும் என் கணக்கும் ஓரளவு ஒத்துவந்தால்தான் அடுத்த படிக்குப் போவேன்.

அடுத்தது ஃப்ளைட் பிளான் பக்கம். விமானி அறைத் திரைக் கருவியான கார்மின் ஜி1000-இல் வேபாயின்ட்டுக்கு (பாதையில் குறித்த புள்ளி) பக்கத்தில் உயரம் வெள்ளை எழுத்தில் இருந்தால் அது வெறும் தகவல். இளநீலத்தில் இருந்தால்தான் அதை வைத்து வழிகாட்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் வெள்ளை எண்ணைப் பார்த்துவிட்டு விமானம் ஏன் இறங்கவில்லை என்று குழம்புவது இங்கேதான். இன்னொன்று, சுற்று உயரத்தை (தரையிறங்கும் முன் ஓடுதளத்தைச் சுற்றும் உயரம்) விமான நிலையத்தின் மேலேயே போடாதீர்கள். அங்கே போய்ச் சேரும்வரை இறங்கிக்கொண்டே இருப்பீர்கள். 5 மைல் முன்னால் ஒரு புள்ளி சேர்த்து அதற்கு அந்த உயரத்தைக் கொடுங்கள். வேகம் குறைக்கவும் மற்ற விமானங்களைத் தேடவும் நேரம் கிடைக்கும்.

இறங்கும் புள்ளிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது 'வெர்டிகல் டிராக்' என்று குரல் வரும். அதற்குள் உயரத்தைத் தேர்வு செய்யும் குமிழைத் திருப்பி இறங்க வேண்டிய உயரத்துக்கு வைத்திருக்க வேண்டும், வி-நேவை இயக்கும் விஎன்வி பட்டனையும் அழுத்தியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் ஆட்டோபைலட் அதே உயரத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கட்டளைப்படி பறக்கிறீர்கள் என்றால் அனுமதி வந்த உயரத்துக்குக் கீழே அந்தக் குமிழைத் திருப்பவே கூடாது. ஃப்ளைட் பிளானில் எவ்வளவு குறைந்த உயரம் இருந்தாலும், நீங்கள் தேர்ந்த உயரத்திலேயே விமானம் நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பை வீணாக்காதீர்கள்.

வி-நேவ் போடும் பாதை வெறும் சாய்கோடு. நடுவில் மலை இருக்கிறதா, கோபுரம் இருக்கிறதா என்று அது பார்க்காது. நேர்வழியில் போகும்போது வரைபடத்தில் அந்தப் பகுதியின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கியூஎன்ஹெச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவு) தவறாக இருந்தால் அந்தக் கோடே இடம் மாறிவிடும்.

அப்புறம் பவர். ரொம்பக் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் ஆட்டோபைலட்டுக்குத் திராட்டில் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மேல் கை கிடையாது. பவரைக் குறைத்து இறங்குகிறீர்கள், கீழே வந்ததும் அது உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். பவர் அப்படியே குறைவாக இருந்தால் உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கித் தூக்கி டிரிம் செய்யும், வேகம் கரைந்துகொண்டே போகும். நீங்கள் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தால் கவனிக்கவே மாட்டீர்கள். குறித்த உயரத்துக்குச் சில நூறு அடி இருக்கும்போதே கையைத் திராட்டிலில் வைத்து, மட்டமானதும் பவரைக் கூட்டி, வேகமுள் நிலைத்த பிறகே கையை எடுங்கள்.