தில்லை மரமும் காலாண்டு அறிக்கையும்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்துக்கு வருவதற்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வெளிநாட்டு நிதித் திட்டங்களைப் பார்த்துக்கொண்டதாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

நான் தாவரவியலில் முனைவர் பட்டம் முடித்தவன். ஆறு மாதமாக ஒரு நிறுவனத்தில் திட்ட மேலாளர். கடலோரப் பல்லுயிர்ப் பாதுகாப்பு, காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வாழ்வாதாரம் என்று மூன்று நாடுகளில் நடக்கும் ஒரு திட்டம் என் பொறுப்பு. வேலை என்னவென்றால் எக்செல். காலையில் செலவுக் கணக்கு, மதியம் காலாண்டு அறிக்கை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஜூம். சேற்றில் கால் வைத்து இரண்டு மாதம் ஆகிறது.

போன வாரம் ஒரு நிதிக் கோரிக்கை எழுதினேன். ‘2004 சுனாமியைப் பிச்சாவரம் காடு தடுத்து நிறுத்தியது. 10 லட்சம் கன்றுகள் நட்டு அதேபோன்ற அரணை உருவாக்குவோம்’ என்று ஆரம்பித்தேன். மேலதிகாரி பாராட்டினார். எனக்குத்தான் சிமெண்ட் விளம்பரம் எழுதிய மாதிரி இருந்தது. இது அறிவியலா, குமாஸ்தா வேலையா? பதிலை வெளியிடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம்.

— ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

குமாஸ்தா வேலைதான், சந்தேகமே வேண்டாம். பதினோரு வருடம் பார்த்தேன். அத்தனை வருடத்தில் என் கையால் நட்ட கன்றுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதுவும் விருந்தினர் வந்த அன்று போட்டோவுக்காக நட்டவை. ஆனால் எந்தக் கன்று எந்த மாதத்தில் சேற்றுக்குள் போகும் என்பதை அந்த எக்செல் தாள்தான் முடிவு செய்கிறது. அதனால் அதைக் கேவலமாக நினைக்க என்னால் முடியவில்லை. பிச்சாவரத்தை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே பேசுகிறேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், கடல்நீர் வந்து போகிற சேற்றில் வளர்கிற அலையாத்திக் காடு (மாங்குரோவ்) அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே தில்லை மரத்தால்தான். கோயிலுக்குத் தலமரம் அது. ஆனால் மரத்தைப் பார்க்கவேண்டும் என்றால் பிச்சாவரத்துக்குத்தான் போகவேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், படகில் போகும்போது கிளையை ஒடிக்கவிட மாட்டார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அந்தக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கான பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் இருபது, இருபத்தைந்து வருடத்தில் காடு தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. வளரவில்லை. ஏன் வளரவில்லை என்று கேட்டபோது கிடைத்த பதில், மாடு மேய்கிறது, ஊர்க்காரன் விறகு வெட்டுகிறான் என்பது. அந்தப் பழி ரொம்ப காலம் ஊர்க்காரர்கள் தலையில் இருந்தது.

1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள், கடல் மட்டம் உயரும் என்ற கவலையோடுதான் அலையாத்திக் காடுகளை ஆராய ஆரம்பித்தார்கள். அதே காலத்தில், 1990இல், ஜப்பானின் ஒக்கினாவாவைத் தலைமையிடமாகக் கொண்டு அலையாத்திக் காடுகளுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் உருவாகி, அதற்கு முதல் தலைவராக இருந்தவரும் சுவாமிநாதன்தான். அவருடைய நிறுவனத்துக்காரர்கள் பிச்சாவரத்தில் மாட்டையும் பார்த்தார்கள், மண்ணையும் பார்த்தார்கள். விடை மண்ணில் இருந்தது. மரத்தை மொத்தமாக வெட்டியதும் சேறு வெயிலில் காய்ந்து, ஈரம் போய், கீழே இறங்கித் தாம்பாளம்போலக் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர், வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு தங்கியது. வருடக்கணக்கில் சேர்ந்த அந்த உப்பில் அலையாத்திச் செடியே முளைக்கவில்லை. ஆக, காடு அழிந்ததற்குக் காரணம் மாடும் விறகும் இல்லை, காட்டை ‘நிர்வகித்த’ முறைதான். திட்ட மேலாளர்கள் எல்லாரும் மேசைக்கு முன்னால் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.

வைத்தியம் எளிமையானது. மீன் முள்போல நடுவே ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம், அதாவது ஏறி இறங்குகிற கடல்நீர், வந்து உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போகவேண்டும், அவ்வளவுதான். வெண்கண்டல் என்ற அலையாத்தி வகைக் கன்றை வாய்க்காலின் அடியிலும் நடாமல், கரை மேலும் நடாமல், சரிவின் நடுவில் நட்டார்கள். கடலின் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கிற நம் கரையில் ஒரு சாண் மேலே போனால் செடிக்குத் தண்ணீர் எட்டாது, ஒரு சாண் கீழே போனால் மூழ்கிக் கிடக்கும். முதலில் சின்ன இடத்தில் செய்து பார்த்தார்கள். அப்புறம்தான் பெரிய பணம் வந்தது. இந்திய - கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு, மூன்று மாநில வனத்துறைகளும் கிராமக் குழுக்களும் சேர, பிச்சாவரம், முத்துப்பேட்டை, கிருஷ்ணா, கோதாவரி, ஒடிசாவின் மகாநதி டெல்டா என்று சுமார் 1,500 ஹெக்டேர்.

‘முதலில் சின்ன இடம், அப்புறம் பெரிய பணம்’ என்ற வரிசை இப்போது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. வாய்க்கால் வெட்ட ஏற்றது கோடை. கன்று நட ஏற்றது, மழை தொடங்கி உப்பு குறைகிற ஐப்பசியை ஒட்டிய காலம். வாய்க்காலில் வண்டல் சேரும், அதனால் அடுத்த இரண்டு மூன்று வருடமாவது தூர் வாரவேண்டும். இது காட்டின் பஞ்சாங்கம். நிதி கொடுப்பவரின் வருடம் ஜனவரியில் ஆரம்பிக்கும், நம் கணக்கு வருடம் ஏப்ரலில். இரண்டுக்கும் ஓதம் பற்றித் தெரியாது.

என் கையாலேயே ஒரு பாவம் நடந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து தாமதமாகி, கோடையில் வரவேண்டிய முதல் தவணை புரட்டாசி முடிவில் வந்து சேர்ந்தது. டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பி அனுப்பவேண்டும். வாய்க்கால் வெட்ட நேரமில்லை. “கன்று தயாராக இருக்கிறது, நட்டுவிடலாம்” என்று மின்னஞ்சல் அனுப்பியவள் நான்தான். நட்டோம். தை மாதம் போனபோது பச்சையாகத்தான் நின்றது. சித்திரையில் போய்ப் பார்த்தால் வரிசை பிசகாமல் குச்சிகள். காலடியில் உப்பு நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அறிக்கையில் ‘நட்ட கன்றுகள்: இலக்கு 100 சதவீதம் எட்டப்பட்டது’ என்று எழுதினேன். பொய்யில்லை. பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

நான் மட்டும் செய்த பாவம் என்றும் சொல்ல முடியாது. சுனாமிக்குப் பின் இலங்கையில் நட்ட அலையாத்திக் கன்றுகளை ஆய்வாளர்கள் இடம் இடமாகப் போய்ப் பார்த்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடப்பட்டிருந்தது. ஓரளவாவது பிழைத்தது 200 சொச்சம் ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு செடிகூட இல்லை. பல இடங்களில் நட்டது சுரபுன்னை வகை. அதன் விதைநாற்று முருங்கைக்காய்போல நீளமாக இருக்கும், சேற்றில் குத்திவிட்டு நகர்ந்துவிடலாம், எண்ணவும் வசதி. அந்த இடத்தின் மட்டமும் தண்ணீரும் அதற்கு ஒத்துவருமா என்று பார்ப்பதுதான் மெனக்கெட்ட வேலை.

ஆகவே உங்கள் கோரிக்கையில் முதலில் அடிக்கவேண்டியது அந்த 10 லட்சத்தை. அதற்குப் பதிலாக, மூன்றாவது கோடையில் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது, வற்றத்தின்போது தண்ணீர் வெளியேறுகிறதா, மண்ணின் உப்பு குறைந்ததா என்று வையுங்கள். திட்டம் மூன்றே வருடம் என்பார்கள். அப்படியானால் நடுவதை முதல் வருடத்தில் முடிக்கிற அளவுக்குப் பரப்பைக் குறையுங்கள். தூர் வாருவதற்குத் தனியாக ஒரு தலைப்பில் பணம் ஒதுக்குங்கள். “வெட்டிய வாய்க்காலையே ஏன் திரும்ப வெட்டுகிறீர்கள்?” என்று தணிக்கைக்காரர் கட்டாயம் கேட்பார். அதற்கான பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்துவிட்டால் நிம்மதி. உங்கள் தாவரவியல் பயன்படுகிற இடம் இதுதான். வண்டல் என்றால் என்னவென்று தெரியாத மேலாளருக்கு இந்த வரி தோன்றாது.

அடுத்தது சுனாமி. 2005இல் சயன்ஸ் இதழில் கடலூர் மாவட்டக் கடற்கரையை வைத்து ஒரு கட்டுரை வந்தது. மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்றது. பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து அதேபோலச் சொன்னார்கள். மறு வருடமே வேறு ஆய்வாளர்கள் அந்த 18 ஊர்க் கணக்கைத் திரும்பப் போட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதே பெரும்பாலான வித்தியாசத்தை விளக்கிவிடுகிறது என்று மறுத்தார்கள். அலையாத்தி மரங்கள் சாதாரண அலையின் வேகத்தைக் குறைக்கும், கரை அரிப்பைத் தணிக்கும். இதில் தகராறு இல்லை. ‘சுனாமியைத் தடுத்து நிறுத்தியது’ என்பதில் தகராறு இருக்கிறது. சிமெண்ட் விளம்பரம் மாதிரி இருந்தது என்றீர்களே, அந்த உறுத்தல் சரியானது.

பணம் கொடுப்பவர்களுக்காக இந்தக் காட்டுக்குப் பெயர் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் காடு வளர்ப்பு. 2004க்குப் பின் பேரிடர்த் தடுப்பு. அப்புறம் காலநிலைத் தாங்குதிறன்; 2018இல் பசுமைக் காலநிலை நிதியம் ஆந்திரா, ஒடிசா, மகாராஷ்டிரக் கடற்கரைகளுக்கு 4.3 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது அந்தப் பெயரில்தான். இப்போது நீலக் கார்பன், அதாவது கடலோரச் செடிகளும் சேறும் பிடித்துவைக்கிற கார்பன். பல்லுயிர்ப் பாதுகாப்புக்கான 2022 மாண்ட்ரியல் உடன்பாட்டின் 23 இலக்குகளில் எது எதைத் தொடுகிறோம் என்றும் ஒரு கட்டம் நிரப்பச் சொல்வார்கள். நிரப்புங்கள், தப்பில்லை. எந்தப் பெயரில் பணம் வந்தாலும் வாய்க்காலின் சரிவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் வாங்கிய பணத்தை இன்னொரு தொண்டு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 20 ஆகிவிட்டது. ‘உள்ளூர்க் கூட்டாளிகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம்’ என்று பழைய கோரிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதேபோல, மற்ற நாட்டுக் கூட்டாளி “நாலு இலை, கொஞ்சம் விதை, கூரியரில் போட்டுவிடேன்” என்பார். எனக்கும் கேட்டார்கள், மிக நல்ல மனிதர்கள்தான். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதற்குச் சென்னையில் இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியை முதலில் பார்க்கவேண்டும். அந்த மாதங்களையும் சேர்த்துத்தான் கால அட்டவணை போடவேண்டும்.

ஒரு விஷயம் எந்தப் படிவத்திலும் வராது. பிச்சாவரத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் அப்படியே. ஒருமுறை நாங்கள் வரைபடத்தை விரித்து இங்கே கன்று நடப்போகிறோம் என்று காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “நீங்க நட்டுட்டா நாங்க எங்க தடவுறது?” என்றார். அன்று அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து வரைபடத்தில் ஒரு பகுதியைக் காலியாக விட்டோம். இலக்கு அவ்வளவு ஹெக்டேர் குறைந்தது. அதற்கு விளக்கம் கேட்டு வந்த மின்னஞ்சலுக்கு நான் எழுதிய இரண்டு பக்கம்தான், பதினோரு வருடத்தில் நான் எழுதியதில் எனக்குப் பிடித்தது. எக்செல்லோடு வந்த இணைப்புதான் அதுவும்.

இரண்டு மாதமாகச் சேற்றில் கால் வைக்கவில்லை என்கிறீர்கள். அடுத்த அமாவாசையைப் பார்த்து, வற்றம் உச்சத்தில் இருக்கிற நேரத்துக்குப் போங்கள். ஆய்வாளர்களோடு போனால் அவர்கள் செடியைக் காட்டுவார்கள், அதனால் ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். திரும்பி வந்து முதல் பத்தியை எழுதுங்கள்.

கடைசித் தேதி எப்போது என்று சொல்லவில்லையே. நேரம் இருந்தால் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், வரவுசெலவுத் தாளையும் சேர்த்து. முதலில் அதைத்தான் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா