மெட்டல் பாடகர்கள் அப்படி அலறியும் தொண்டை ஏன் கெடுவதில்லை?

மெட்டல் என்னும் கனத்த ராக் இசையின் ஆல்பங்களில் கேட்கும் உறுமல் வெறும் கத்தல் இல்லை, அது ஒரு பாடும் முறை. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. பொய்க் குரல் நாண்கள் என்பார்கள். பேசும்போது அவை சும்மா இருக்கும். உறுமும்போது பெரும்பாலும் அவை அதிர்ந்துதான் அந்தக் கரகரப்பு வருகிறது. அதனால் உண்மையான நாண்களுக்குப் பாரம் குறைவு.

அப்புறம் மூச்சு. எங்கள் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ‘பொள்ளாச்சி, பொள்ளாச்சி’ என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார். கழுத்து நரம்பு புடைக்காது, வயிறுதான் உள்ளே போய் வரும். திருவிழாவில் ஒரு ராத்திரி கத்திய நமக்கோ மறுநாள் வெறும் காற்றுதான் வரும்.

மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ சிறுவயதில் டிரம்பெட் வாசித்தவர். தன் மூச்சுக்கட்டுப்பாடு அதிலிருந்து வந்தது என்றே சொன்னார். நம் நாதஸ்வரக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளாக் சப்பாத் குழுவுக்காக அவர் பாடிய ‘ஹெவன் அண்ட் ஹெல்’ (1980) கேளுங்கள், ஒரு வரிகூட மூச்சு வாங்காது. உச்சஸ்தாயிக்கு என் தேர்வு ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ‘பெயின்கில்லர்’ (1990). ராப் ஹால்ஃபோர்ட் அதில் உச்சியிலேயே நின்று பாடுகிறார், சொற்களும் தெளிவாகக் கேட்கும்.

பெரிதாகக் கேட்பதால் முழு பலத்தோடு கத்துகிறார்கள் என்று நினைத்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு மைக்கினுடையது.