பழைய டிவிடி ரெக்கார்டர் ஆன் ஆகவே இல்லை. சரிசெய்ய முடியுமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கும் வரையாவது போடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: பல வருடங்களாக டிவிக்குக் கீழே ஷோகேஸில் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்த ரெக்கார்டர். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு விளக்கும் இல்லை, டிஸ்ப்ளேயும் இல்லை. உள்ளே அக்கா கல்யாண கேசட்டிலிருந்து பதிவு செய்த டிஸ்க் ஒன்று, ஃபைனலைஸ் (மற்ற பிளேயரிலும் ஓடும்படி பதிவை முடித்து மூடும் வேலை) செய்யாமலே மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த விவரத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கரண்ட் போய் வந்ததும் செட் டெட் ஆகிவிட்டால், அதிக வோல்டேஜ் வந்து எல்லாம் எரிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும், குறிப்பாக இடி மின்னல் நாட்களில். ஆனால் ஸ்டாண்ட்பையிலேயே வருடக்கணக்கில் கிடந்த செட்டில் நான் அதிகம் பார்த்திருப்பது வேறு காரணம். ரெக்கார்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை பகுதி, நீங்கள் பட்டனை அணைத்தாலும் ஓய்வதில்லை. ரிமோட்டுக்காகவும் கடிகாரத்துக்காகவும் இருபத்துநாலு மணி நேரமும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் உண்டு. சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். சூடு 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு. மூடிய ஷோகேஸுக்குள், ஃபேனும் ஓடாத ஸ்டாண்ட்பை நிலையில், அவை வருடக்கணக்கில் வெந்துகொண்டிருந்திருக்கின்றன. வற்றிப்போன கெப்பாசிட்டர் சூடாக இருக்கும் வரை எப்படியோ வண்டியை ஓட்டிவிடும். கரண்ட் போய் ஆறிவிட்டால், திரும்ப ஸ்டார்ட் செய்ய அதற்குத் தெம்பு இருக்காது. உங்கள் செட்டுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வெளியே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவரிலுள்ள பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள். எட்டு வடிவ வாய் உள்ள ஒயர் என்றால் ரேடியோ, பிரிண்டர் ஒயர்கூடப் பொருந்தும், மாற்றிப் பாருங்கள். அப்புறம், செட்டின் முன்பக்கத்தில் உள்ள பவர் பட்டனைப் பத்து விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள். ரிமோட்டில் அல்ல, செட்டில். ரெக்கார்டர் என்பது பாதி கம்ப்யூட்டர், சில சமயம் ஹேங் ஆகும். பல மாடல்களில் இப்படி அழுத்தினால் ரீசெட் ஆகிவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துச் செருகிப் பாருங்கள்.

டிஸ்ப்ளேயில் ஏதாவது தெரிந்தால் கதையே வேறு. பேனசோனிக் செட்டில் ‘எக்ஸ் ஹோல்டு’ என்று வந்தால் அது பழுதே இல்லை, சைல்டு லாக். ரிமோட்டில் என்டரையும் ரிட்டர்னையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போய்விடும். டைமர் ரெக்கார்டிங் போட்டு வைத்த சில பழைய செட்டுகள், டைமரை எடுக்கும் வரை பவர் பட்டனுக்கு மசியாது. ‘ஹலோ’ என்று காட்டிவிட்டு உடனே அணைந்தாலோ, உள்ளே டிக் டிக் என்று சத்தம் விட்டு விட்டு வந்தாலோ, பவர் சப்ளை கிளம்பப் பார்க்கிறது, ஆனால் சுமையைத் தாங்க முடியவில்லை என்று பொருள். உங்களுடையதில் எதுவுமே வரவில்லை என்கிறீர்கள். ஆகவே மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிடுங்கிய பிறகும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மெயின்ஸ் ஒயர் வந்து சேரும் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில், 400 வோல்ட் என்று எழுதிய ஒரு பெரிய கெப்பாசிட்டர் நிற்கும். நம் வீட்டு 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறியதும் அதில் சுமார் 325 வோல்ட்டாகத் தேங்கும். நல்ல செட்டில் பிளக்கைப் பிடுங்கியதும் எஸ்.எம்.பி.எஸ். அதைத் தானே உறிஞ்சித் தீர்த்துவிடும். டெட் ஆன செட்டில் உறிஞ்ச ஆள் இல்லை, சார்ஜ் நெடுநேரம் அப்படியே நிற்கலாம். ஆக, ஓடாத செட்தான் ஓடுகிற செட்டைவிட ஆபத்தானது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் அளந்து பார்க்காமல் போர்டில் கை வைக்க வேண்டாம். வோல்டேஜ் இருந்தால், இரண்டு கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் காப்பிட்ட ஒயர் பற்றவைத்து, அதன் வழியாக இறக்குங்கள். இறக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு இது சின்ன வேலை.

பழக்கம் உண்டென்றால் முதலில் பியூஸ். ஒயர் வரும் இடத்தில் கண்ணாடிக் குழாய்போல இருக்கும். மீட்டரை கன்டினியூட்டியில் (கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துப் பாருங்கள். கண்ணாடி கறுத்து, வெள்ளி பூசியதுபோல ஆகியிருந்தால் உள்ளே எங்கோ முழு ஷார்ட்: பிரிட்ஜ் டையோடோ, எஸ்.எம்.பி.எஸ்.ஸை இயக்கும் ஸ்விட்சிங் ஐசியோ, மாஸ்ஃபெட்டோ, மின்னல் அடித்திருந்தால் வேரிஸ்டரோ போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது பியூஸ் போட்டால் அதுவும் போகும். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். பழுது பார்த்த பிறகு முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் (கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி) போட்டுக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள்.

பியூஸ் நன்றாக இருக்கிறது, பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டும் நிற்கிறது, ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் 5 வோல்ட் வரவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நான் எதிர்பார்ப்பது இதைத்தான். அளக்கும்போது ஒரு விஷயம்: மெயின்ஸ் வரும் பிரைமரி பக்கத்தை அளக்க, மீட்டரின் கறுப்பு ஒயரை அந்தப் பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலில் வையுங்கள். செட்டின் தகரப் பெட்டியில் வைத்து அளந்தால் தப்பான கணக்கு வரும். 5 வோல்ட் வெளிவரும் செகண்டரி பக்கத்துக்குத்தான் பெட்டி கிரவுண்டு.

இனி சந்தேகப்பட வேண்டியவை இரண்டு இடங்கள். ஒன்று, ஸ்விட்சிங் ஐசிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி கெப்பாசிட்டர். 22 அல்லது 47 மைக்ரோஃபேரட், 50 வோல்ட் என்று இருக்கும். ஐசி கிளம்புவதற்கான முதல் மூச்சு அதிலிருந்துதான் வருகிறது. இது உப்பாது, வழியாது, பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே வற்றியிருக்கும். ‘கரண்ட் போய் வந்தது, பிறகு உயிரே இல்லை’ என்று வரும் செட்டில் நான் முதலில் மாற்றுவது இதைத்தான். அதையொட்டி பெரிய மதிப்புள்ள ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர்கள் இருக்கும். அவற்றில் ஒன்று ஓப்பன் ஆகி (உள்ளே அறுந்து) இருந்தாலும் இதே அறிகுறிதான்.

இரண்டாவது இடம், டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் 470, 1000, 2200 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்கள். எங்கள் பெரியப்பா வீட்டு ரெக்கார்டரைத் திறந்தபோது பார்த்தது நினைவிருக்கிறது. 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபேரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, அலுமினிய ஹீட் சிங்க்கில் தோள் சாய்த்தபடி நின்றது. மேலே சிலுவைபோல வெட்டுத்தடம் உள்ள தலை, மற்றவற்றில் தட்டையாக இருக்க, இதில் மட்டும் விரலால் தடவினால் தெரிகிற அளவுக்கு மேடாக இருந்தது. நடுக்கோட்டில் துருப்போல ஒரு பழுப்புப் புள்ளி. ஈயத்தை உருக்கி அதை எடுத்தபோது அடியில் போர்டு ஈரம் பட்ட காகிதம்போல நிறம் மாறியிருந்தது, காரமான ஒரு நெடியும் வந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்று பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸும் ஏறக்குறைய சரியாகக் காட்டியது. ஆனால் கெப்பாசிட்டரின் உள் தடையை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. இந்த சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஸ்விட்ச் ஆகிறது. அந்த வேகத்தில் கெப்பாசிட்டரின் உள் தடைதான் முக்கியம். சாதா மீட்டர் அதைக் காட்டாது. அதனால்தான் ஒன்றை மாற்றும்போது அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்கிறேன். எல்லாமே ஒரே சூட்டில் ஒரே வயதானவை.

அடியில் பழுப்பாகப் பசை தெரிந்தால் அவசரப்பட்டு லீக் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே வைக்கும் பசையும் அப்படித்தான் கறுக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல, தலை உப்பியிருக்கிறதா என்பதே நம்பகமான அடையாளம்; உப்பாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை.

இ.எஸ்.ஆர். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கரண்ட் கொடுக்காமல், ஹேர் டிரையரால் அந்தக் கெப்பாசிட்டர் வரிசையைச் சில நிமிடம் சூடாக்குங்கள். மூடியை மாட்டிவிட்டு உடனே பிளக்கைச் செருகுங்கள். செட் கிளம்பிவிட்டால் நோய் உறுதி. ஆனால் இது கண்டுபிடிக்கத்தான், குணப்படுத்த அல்ல.

வாங்கும்போது மைக்ரோஃபேரட் அளவு அதேதான், வோல்ட் அதே அல்லது கொஞ்சம் அதிகம், வெப்பம் 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். வகை. இந்த நான்கையும் சொல்லிக் கேளுங்கள். 85 டிகிரி வகையைத் தந்தால் வாங்காதீர்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பழைய போர்டிலிருந்து கழற்றியதையும், புதிதுபோல மேலுறை மாற்றியதையும் தவிர்த்து, தெரிந்த கடையில் வாங்குங்கள். விலை மிகக் குறைவுதான். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ், மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும்.

இதெல்லாம் செய்தும் டிக் டிக் என்றால், செட்டை அணைத்து டிவிடி டிரைவுக்குப் போகும் பவர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். டிஸ்ப்ளே வந்துவிட்டால் பவர் சப்ளை நிரபராதி, டிரைவில் ஷார்ட். மெயின் போர்டே போயிருந்தால் மட்டும் நான் கைவிடச் சொல்வேன். அதே மாடல் பழைய செட் கிடைத்தால் ஒழிய அதற்குச் செலவு செய்வது வீண்.

சரி, டிஸ்க். ஃபைனலைஸ் செய்யாத டிவிடி-ஆர், மற்ற பிளேயரில் ஓடாது, ஆனால் படம் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில டிரைவ்களில் ட்ரேக்குக் கீழே ஊசித் துளை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி மெதுவாக அழுத்தினால் ட்ரே கொஞ்சம் வெளியே வரும். வராவிட்டால் இழுக்காதீர்கள், டிரைவின் மேல்தகட்டைக் கழற்றி எடுங்கள். ஃபைனலைஸ் ஆகாத டிஸ்கைப் படித்து எடுக்கும் மென்பொருள்கள் கம்ப்யூட்டருக்கு உண்டு. அதனால் ரெக்கார்டர் பிழைக்காவிட்டாலும் டிஸ்க் பிழைக்க வழி இருக்கிறது. ஹார்டு டிஸ்க் உள்ள ரெக்கார்டர் என்றால்தான் சிக்கல். அந்த ஹார்டு டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸுக்கு அது புரியாது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். தப்பித்தவறியும் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

கேசட்டுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு விசிஆர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக யாரும் செய்வதில்லை. உங்களுடையது கேசட்டும் டிஸ்கும் சேர்ந்த செட் என்றால், அதைப் பிழைக்க வைப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

செட் எழுந்துவிட்டால் கடிகாரம், சேனல் எல்லாம் அழிந்திருக்கும், அது கிடக்கட்டும். முதல் வேலை ஃபைனலைஸ். அது நடக்கும்போது பாதியில் கரண்ட் போனால் டிஸ்க் படிக்க முடியாமல் போகலாம், அதனால் இன்வெர்ட்டர் லைனில் செருகிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, வெளியே வேறு ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி எடுத்து, அக்காவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.