தினமும் பெருக்கியும் மகளுக்கு இளைப்பு நிற்கவில்லையா?

அக்கா, தக்கலை வீட்டில் தினமும் பெருக்கித் துடைத்தும் மகளுக்கு விடியற்காலையில் தும்மலும் இளைப்பும் வருகிறது, பரிசோதனையில் தூசிப்பூச்சி ஒவ்வாமை என்று சொன்னார்கள் என எழுதியிருந்தீர்கள். தரையை விடுங்கள், மெத்தையைப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னப் பூச்சி அதிகம் குடியிருப்பது அங்கேதான். அந்தப் பூச்சியின் எச்சத்தில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரதங்களை அது அறுத்துவிடும். செல்களும் சும்மா இருப்பதில்லை. ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற எச்சரிக்கைப் பொருள்களை வெளியே விடும். உடனே நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வரும், அப்புறம் வீக்கமும் சளியும்தான். நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரக்காற்று அந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை போடுங்கள், விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இன்ஹேலரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.